வேலையை விடாதே, படி

அன்பு மகளுக்கு,

போனில் பாதி சொல்லிவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். மருத்துவமனை வார்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பல்கலைக்கழகம் போகப்போவதாகச் சொன்னாயே, அதில் எனக்கு உடன்பாடில்லை. நீ படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காகச் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

முதலில், எதைப் படிப்பது? பிசியோதெரபி, ரேடியோகிராபி, உணவியல், பேச்சு சிகிச்சை என்று இங்கிலாந்தில் மருத்துவம் சார்ந்த இந்த வகைத் துணைத் தொழில்கள் 14 இருக்கின்றன. நீ சம்பளத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். தகுதி பெற்று வருகிறவர்கள் பெரும்பாலும் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் பேண்ட் 5 ஊதியப் படியில்தான் தொடங்குகிறார்கள். ஒப்பிட என்ன இருக்கிறது?

பக்கவாதம் வந்த அந்தப் பெரியவரை நினைத்துப் பார். நீயே சட்டையை மாட்டிவிட்டிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். முடங்கிய கையை முதலில் நுழைக்க வைத்து, நல்ல கையால் தோள்வரை இழுக்க வைத்து, பொத்தானையும் அவரையே போடச் சொன்னாய். நேரத்தை வீணாக்குகிறாய் என்று பேச்சும் வாங்கினாய். அன்றாட வேலைகளை நோயாளியே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் அதற்குத்தானம்மா சம்பளமே கொடுக்கிறார்கள்! உனக்கு ஏற்றது அதுதான் என்பது என் எண்ணம். முடிவு உன்னுடையது.

அதற்கு டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. மருத்துவமனை ஊழியராக இருந்தபடியே மூன்று, நான்கு ஆண்டுகள் படிப்பு. கட்டணத்தை மாணவர் கட்டுவதில்லை. பெரிய நிறுவனங்கள் 2017 முதல் செலுத்திவரும் அப்ரென்டிஸ்ஷிப் வரியிலிருந்து அது போகிறது. முழுநேரப் படிப்பென்றால் ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கடன் ஏறும். என்.எச்.எஸ். தரும் 5,000 பவுண்டு உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டாம்தான். அதை வைத்து வாடகை கட்டிப் பார், தெரியும்.

எந்த வழியில் போனாலும் 1,000 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. முடித்து, இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பில் பதிவு செய்த பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவில்லாமல் அந்தத் தொழிற்பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம்.

இனிப்பை மட்டும் காட்டக் கூடாது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. மேலாளர் ஆதரவில்லாமல் விண்ணப்பமே நகராது. சில மருத்துவமனைகளில் பயிற்சிக் காலச் சம்பளம் வேறு விதமாகக் கணக்கிடப்படும். உனக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதே. வேலை, வகுப்பு, கட்டுரை மூன்றும் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும்.

இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் தெரபி உதவியாளர் வேலைக்கு மாறப் பார். வார்டை விட்டு அந்தக் குழுவுக்குள் போய்விட்டால், அடுத்த முறை நேர்முகத்தில் சொல்ல உன்னிடம் நிறைய இருக்கும். எங்கள் பிரிவில் ஒருத்தி அப்படித்தான் போய், இப்போது பதிவு பெற்றுவிட்டாள்.

பள்ளியில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கணக்கில் தேர்ச்சி இல்லையே என்று தயங்காதே. பல இடங்களில் அதற்குப் பதிலாக ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற அடிப்படைக் கணக்குத் தகுதியை ஏற்றுக்கொள்கிறார்கள். உன்னைப் போன்றவர்கள் அதை இலவசமாகவே படிக்கலாம். இப்போதே சேர்ந்துவிடு. ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் வரும்வரை காத்திராமல் மேலாளரிடம் தனியாக நேரம் கேள். மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவை. மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. போன் வேண்டாம், பாதியில் வைத்துவிடுவாய்.

அன்புடன்,
அம்மா