நுவரெலியா கோல்ஃப் திடல்: வீதியில் நின்று படம் எடுத்தது போதும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் பத்திரிகையில் வந்த மலையகச் சுற்றுலாக் கட்டுரையில் விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஹக்கல பூந்தோட்டம் எல்லாம் இருந்தன. நகரின் நடுவே 1889 முதல் இருக்கும் 18 குழி கோல்ஃப் திடலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. வன்னியிலிருந்து வான் பிடித்துப் போகும் நம்மவர்களும் வீதியோரம் இறங்கி, அந்தப் பச்சைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அங்கத்தவர் அல்லாதவரும் கட்டணம் கட்டி அங்கே விளையாடலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்த எனக்கு, இது நம்மவருக்குத் தெரியாமல் இருப்பது மனதை உறுத்துகிறது.

கனடாவிலிருந்து வந்த என் பெறாமகனோடு போய் விளையாடினேன். அங்கே கொடுக்கும் காசோடு பார்த்தால் இது மலிவு என்றான். நமக்கும் மலிவாக இருக்க வேண்டுமென்றால் முதலே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். விளையாட்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டால் கணக்குத் தப்பும். மட்டை வாடகை, பந்து, மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து வழிகாட்டும் கெடியின் கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு, வார நாளில் குறையுமா, 9 குழியோடு நிறுத்தலாமா என்று கேளுங்கள். முதல்முறை போகிறவருக்கு 9 குழி தாராளம். 18 குழியும் நடந்து முடிக்க நாலு மணித்தியாலம் தாண்டும். இடமோ கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. சமதரையில் சைக்கிள் ஓடிப் பழகிய நமக்கு மூச்சு வாங்கும்.

போவதற்கு நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். காலபோக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் இருக்கும், அங்கே மழையும் குறைவு. ஏப்ரலில் சனக்கூட்டம், அறை வாடகை ஏறிவிடும். மே பிறந்தால் தென்மேல் பருவமழை. நுவரெலியாவுக்கு ஏறும் றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி இறங்கிய கையோடு மட்டையைத் தூக்க முடியாது. முதல் நாளே போய்த் தங்கி, விடியற்காலை ஆடுங்கள். கொலர் வைத்த சேர்ட் வேண்டும். ஜீன்ஸ், செருப்பு வேண்டாம்.

கெடி சொல்வதைக் கேளுங்கள். அந்தத் திடலின் புல்வெளி ஒடுக்கம், இரு பக்கமும் உயரமான மரங்கள். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து நினைத்ததைவிடத் தூரம் பறக்கும். எங்களோடு வந்தவர் தோட்டப்புறத்துத் தமிழர், வயதானவர். நான் பெரிய மட்டையை எடுக்க, “டீச்சர், பலமா அடிக்காதீங்க, சின்ன இரும்பு மட்டைய எடுத்து மெதுவா தூக்கி விடுங்க” என்றார். அப்படியே செய்தேன். பந்து நேரே போய் விழுந்தது. காலைப் பனி விலகும் நேரம், பிதுருதலாகலை மலை மேலே தெரிய, அந்த ஈரப் புல்லில் நடந்த நடைக்கே கொடுத்த காசு சரி.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஒருவர் அடிக்கும்போது பேசாதீர்கள், அசையாதீர்கள். பந்து ஆட்கள் பக்கம் போனால் உடனே சத்தமாகக் கத்துங்கள். மணற்குழியில் இறங்கினால் மணலைச் சமப்படுத்திவிட்டு ஏறுங்கள். பின்னால் வேகமாக வருகிறவர்களை முன்னே விடுங்கள். கெடிக்கு மேலதிகமாக ஏதும் கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள்.

அடுத்த சுற்றுலாக் கட்டுரையில் இந்தத் திடலுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள் ஆசிரியரே. இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டறிந்து தமிழில் போட்டால் பெரிய உதவி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கிளிநொச்சி