பொன்னாடையோடு முடியும் மன்றங்கள்

ஆசிரியருக்கு,

கல்லூரிகளில் மாணவர் மன்றங்களின் தொடக்க விழாக்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குழுப்படம், அப்புறம்? சென்னையின் பல சிறிய கல்லூரிகளில் அடுத்த கூட்டம் மறு ஆண்டுத் தொடக்க விழாதான். மாணவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஷிப்ட் முறையில் காலைப் பிரிவு முடிந்ததும் மதியப் பிரிவுக்கு வகுப்பறையை விட்டாக வேண்டும். பாதிப் பேர் பகுதிநேர வேலைக்குப் பேருந்து பிடிக்க ஓடுகிறார்கள். மன்றம் கூட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நான் பி.காம். மாணவன். எங்கள் பாடப் புத்தகத்தில் அது இல்லை. வணிகவியல் மன்றத்தில் ஒரு சீனியர் அண்ணன், ரிச்சி தெருவில் ஹார்டு டிஸ்க் வாங்கிய பில்லைக் கரும்பலகையில் எழுதி, 18 சதவீதத்தில் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9 என்று பிரித்துக் காட்டினார். பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். இன்று ஆடிட்டர் அலுவலகத்தில் நான் செய்யும் வேலை அந்தக் கரும்பலகையில் தொடங்கியது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் தன்னார்வலருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கு உண்டு. பாட மன்றங்களுக்கும் வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கலாம். விழாச் செலவை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளட்டும்.

ஒரு முன்னாள் மாணவன்,
வியாசர்பாடி, சென்னை.