படுக்க வைத்து ரத்தம் எடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள செவிலியர் அக்காவுக்கும், டாக்டர் அம்மாவுக்கும், லேப் தம்பிக்கும், எதிர்வீட்டு ஆச்சிக்கும்,

வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டில் இப்போது தொட்டில் ஆடுகிறது. தாயும் பிள்ளையும் நலம்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள் நான். சின்ன வயதிலிருந்தே "நடிக்கிறா" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தேன். பிள்ளை உண்டானதும் சந்தோஷத்தை முந்திக்கொண்டு அந்தப் பயம்தான் வந்தது. ரத்த வகை, ஹீமோகுளோபின், டிடி தடுப்பூசி, சர்க்கரைப் பரிசோதனை என்று வரிசையாகச் சொன்னபோதே கை கால் சில்லிட்டது.

அக்கா, "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று நீங்கள் கேட்கவே இல்லை. 'ஊசி என்றால் மயக்கம் வரும், படுக்க வைத்து எடுக்கவும்' என்று என் அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டீர்கள். அப்புறம் எந்த மேசையிலும் நான் கூனிக் குறுகி விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

டாக்டர் அம்மா, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம் இது, மனத்திடம் இல்லாததால் அல்ல என்று எனக்கு முதலில் சொன்னவர் நீங்கள்தான். அழுத்தம் அப்படி இறங்காமலிருக்க, கை, தொடைத் தசைகளை முகம் சூடேறும்வரை 10, 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளர்த்தி, மறுபடி இறுக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்க வேண்டும். தினமும் ராத்திரி என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விநாடி எண்ணுவார். அவருக்கும் நன்றி.

சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு 2 மணி நேரம் காத்திருப்பது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. ஆச்சி, அன்றைக்குக் கூடவே வந்து, சாயமேற்றிய பனையோலைகளை என் மடியில் போட்டுக் கொட்டான் கூடை முடைய வைத்தீர்கள். "சிவப்பை மேல விடு, பச்சையைக் கீழ விடு" என்று மூச்சுவிட நேரம் தரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அடிப்பாகம் முடிந்திருந்தது. தம்பி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, "எடுக்கலாமாக்கா?" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் கையைத் தொட்டீர்கள்.

பிரசவத்தன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. கையில் மருந்து ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் போடுமுன், "ஊசியை உருவிடுவோம்மா, உள்ள இருக்கப்போறது பிளாஸ்டிக் குழாய்தான்" என்று புதிதாக ஒன்றைப் பிரித்து, அந்த மெல்லிய குழாயை வளைத்துக் காட்டினீர்கள். பிள்ளை பிறந்ததும் உதிரப்போக்கு அதிகமாகாமலிருக்க ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோதும் சொல்லிவிட்டுத்தான் போட்டீர்கள். பயம் இருந்தது. மயங்கவில்லை. பிள்ளையின் முதல் அழுகையை முழுசாகக் கேட்டேன்.

அக்கா, அடுத்து ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வருகிறோம். பிள்ளையை நானே மடியில் வைத்துக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி