பெயின்ட்டைத் தொடாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். நம் பழைய பந்தயக் காரை முழுக்கப் பிரித்து, பெயின்ட்டைச் சுரண்டி, சேஸியை, அதாவது வண்டியைத் தாங்குகிற குழாய்ச் சட்டத்தை, புதிதாகச் செய்து, அடுத்த சீசனுக்குள் பந்தயத்தில் இறக்குவது. அப்பா இருந்திருந்தால் கடிதத்தை மடிப்பதற்குள் சரி என்றிருப்பார். அவர் ஓட்டுகிற ஆள்; பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிக்கொண்டு தரையில் கிடந்தவள் நான். அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் யோசிக்கிறேன்.

நம் கார் ஓடிய ஃபார்முலா ஜூனியர் என்ற சின்னப் பந்தயக் கார்களுக்கான பிரிவு 1958ல் இத்தாலியில் தொடங்கியது. இஞ்சின் தெருவில் ஓடுகிற காரிலிருந்து வர வேண்டும், 1100 சிசி என்றால் வண்டி 400 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதி. இத்தாலியில் செய்த நம் ஸ்டாங்குவெல்லினியில் இருப்பது ஃபியட் 1100 இஞ்சின். 1959ல் மொனாக்கோவில் நடந்த ஜூனியர் பந்தயத்தை ஜெயித்தது இந்த ரகக் கார்தான். அடுத்த வருஷமே கூப்பர், லோட்டஸ் 18 என்ற இங்கிலாந்துக் கார்கள் இஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்து, முன்னால் இஞ்சின் உள்ளவற்றையெல்லாம் பழசாக்கிவிட்டன. நம்முடையது இவ்வளவு முழுசாக மிஞ்சியதே அதனால்தான். ஜெயித்துக்கொண்டே இருந்திருந்தால் வெட்டி ஒட்டியே தீர்த்திருப்பார்கள்.

பக்கவாட்டு வெள்ளை வட்டத்தில் 42 என்று இருக்கிறதே, அதன் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு 17 மேடாகத் தெரிகிறது. யாரோ கையால் எழுதியது; 7ன் வாலில் பிரஷ் முடி ஒன்று பெயின்ட்டோடு காய்ந்து கிடக்கிறது. இதையா சுரண்டச் சொல்கிறாய்?

சேஸி விஷயத்தில் நீ சொல்வதில் பாதி நியாயம். சின்னச் சுத்தியலால் குழாய்களைத் தட்டிக்கொண்டே போனேன். கணீர் கணீர் என்று வந்தது, பெடலுக்குக் கீழே மட்டும் ‘தொப்’. உள்ளே தண்ணீர் தேங்கித் துரு தின்றிருக்கிறது. அங்கே இரும்பை ஒட்டி நிற்கிற அலுமினியத் தகடும் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. அந்த ஒரு அடிக் குழாயை மட்டும் மாற்றுவோம். புதுத் துண்டில் தேதியைக் குத்தி வைக்க வேண்டும். பழைய வண்டிகளை எப்படிப் பாதுகாப்பது என்று சர்வதேசப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு எழுதிய டூரின் சாசனம் கேட்பதும் அதைத்தான், பின்னால் பார்ப்பவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டும். முழுச் சேஸியையும் மாற்றினால் பழையதை என்ன செய்வாய்? நாளைக்கு யாராவது அதைச் சுற்றி இன்னொரு கார் கட்டுவார்கள். ஒரே சேஸி எண்ணில் இரண்டு கார், நடுவில் வக்கீல்கள். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ பந்தயத்துக்காகத் தருகிற காகிதம் இருந்தாலும் அது வண்டியின் தொழில்நுட்ப அமைப்பைத்தான் சொல்லும், அதன் வரலாற்றுக்குச் சாட்சி சொல்லாது.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். முன் இடது சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் ஆர்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, விரிசல் இருந்தால் உள்ளே இறங்குகிற சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்துவிட்டு, மேலே அந்தச் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டுகிற வெள்ளை டெவலப்பர் அடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு, வளைவில், பாதி சுற்றுக்கு. அப்பா கடைசியாக ஓட்டியபோதும் அந்த விரிசல் இருந்திருக்கும். கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே ஸ்டியரிங், ஆக்ஸில், பிரேக் மூன்றிலும் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒவ்வொன்றையும் சோதிப்போம், சந்தேகம் வந்தால் புதிது. கழற்றியதெல்லாம் சீட்டு ஒட்டிப் பெட்டிக்குள் போகும். பெயின்ட், சீட், தேய்ந்த ஸ்டியரிங் வீல் அப்படியே இருக்கட்டும். பந்தயம் வேண்டாம். யாரோடும் மோதாமல் ஓட்டிக் காட்டுகிற நிகழ்ச்சிகள் இருக்கின்றன, அதற்குக் கொண்டுபோவோம். நீதான் ஓட்டப்போகிறாய், எனக்கு அந்த சீட்டுக்குள் இறங்கினால் ஏற முடியாது.

இஞ்சின் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறப்போட்டேன். நேற்று கையால் திருப்பியபோது ஒரு முழுச் சுற்று வந்தது.

வரும்போது குழாய்க்குள் விட்டுப் பார்க்கிற கேமரா கொண்டு வா. ஸ்பேனர்கள் எல்லாம் இருக்கின்றன, 14 மட்டும் காணோம். கடைசியாக எடுத்தது நீதான்.

அம்மா