பருத்தியில் பட்டது கத்திரியிலும் வேண்டாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலூரிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா உன் மனைவியிடம் தனியாகச் சொல்லச் சொன்னார். இங்கே பெரம்பலூர் பக்கம் வழக்கம்போல் பாதி நிலம் பருத்தி, பாதி மக்காச்சோளம்.

மரபணு மாற்றிய கத்திரி வந்தால் சாப்பிடலாமா, விஷம்தானே என்று கேட்டிருந்தாய். சாப்பிடுவதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. அதை பி.டி. கத்திரி என்பார்கள். பி.டி. என்பது மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியா. அதன் மரபணுவைச் செடியில் வைத்தால் உருவாகும் புரதம் புழுவின் குடலில் ஒட்டி அதைக் கொல்லும். நம் குடலில் அது ஒட்ட இடமில்லை, மற்ற புரதம் மாதிரி செரித்துவிடும். இப்போது நாம் வாங்குகிற கத்திரிக்காயை நினைத்தால்தான் எனக்குப் பயம். காய்த்துளைப்பானுக்காக வாரத்துக்கு இரண்டு முறைகூட மருந்தடித்து, மறுநாளே பறித்துச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் கவலை வேறு, அது பருத்தியில் பார்த்தது. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. ஆரம்ப வருஷங்களில் பச்சைக் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவு குறைந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்குச் சாகாமல் பழகிக்கொண்டது. குஜராத்தில் 2010 வாக்கிலேயே தெரிந்துவிட்டது, இரண்டு மரபணு வைத்த விதையும் பிறகு அதனிடம் தோற்றது. வெளியே பார்த்தால் காய் நன்றாக இருக்கும், ஓட்டை தெரியாது. பிளந்தால் உள்ளே பஞ்சு கறைபட்டு, இரண்டு விதை ஒன்றாக ஒட்டியிருக்கும், அதற்குள் புழு சுருண்டு கிடக்கும். அந்தக் காய் சரியாக வெடிக்காது, எடுத்த பஞ்சுக்கும் விலை கிடைக்காது.

இதற்கு மரபணுவை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. 450 கிராம் பி.டி. விதையோடு, பி.டி. இல்லாத 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் ஒன்று தந்தார்கள், வயல் ஓரத்தில் அதைப் போட்டால் பழகாத புழு கொஞ்சம் பிழைத்து, பழகிய புழுவோடு கலந்து எதிர்ப்பைத் தள்ளிப்போடும். புழுவுக்கென்று நிலத்தை விட யாருக்கு மனசு வரும்? ஏன் என்று சரியாக விளக்கிச் சொன்னவர்களும் குறைவு. அதோடு இங்கே எல்லாம் வீரிய ஒட்டு விதை, வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆறு மாதம் வரை வயலில் நிற்கும், புழுவுக்கும் அதுவரை சாப்பாடு. அமெரிக்காவில் அதே பி.டி. பருத்தியோடு, அந்தப் புழு வளர்ந்து ஆகிற அந்துப்பூச்சியை மலடாக்கிப் பறக்கவிட்டு, ஊர்கூடித் திட்டம் போட்டு, 2018-ல் அந்தப் புழுவை ஒழித்துவிட்டதாகவே அறிவித்தார்கள்.

கத்திரிக்கு வருகிறேன். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமே கோ 2, எம்.டி.யு. 1 மாதிரியான ரகங்களில் பி.டி. கத்திரி உருவாக்கியது. 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்து, அடுத்த வருஷம் 20 விவசாயிகளிடம் ஆரம்பித்தது. அங்கே கொடுத்தது ஒட்டு விதை இல்லை, விவசாயி தானே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகம். மருந்தடிப்பதும் நன்றாகக் குறைந்திருக்கிறது. அப்படி, அரசு கையில் இருக்கும் விதையாக, கம்பெனி சாராத ஆட்கள் பல வருஷம் சோதித்த பிறகு வந்தால் நான் ஆதரிப்பேன். பருத்தி மாதிரி கம்பெனியின் ஒட்டு விதையாக வந்தால் எதிர்ப்பேன். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத மாதிரி மரபணு மாற்றிய பயிர் எனக்கு எந்த வழியிலும் வேண்டாம், களையெடுக்கிற பெண்களின் கூலியை அது முதலில் பறிக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. கத்திரிக்கு நம் நாடும் ஒரு பூர்வீகம், உங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரி மாதிரி எத்தனையோ நாட்டு ரகம் இருக்கின்றன, தேனீ மகரந்தத்தை இங்கும் அங்கும் கொண்டுபோகும். பக்கத்து வயல் பி.டி. என்றால் முள் கத்திரியின் விதை சுத்தமாக இருக்குமா? உன் மச்சான் அதைத்தானே போடுகிறார்? விதைக்கு விடுகிற செடியை அவர் எவ்வளவு தள்ளி வைக்கிறார், ஒரு பருவத்துக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறார் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்