குவாதலூப்பிலிருந்து அம்மாவுக்கு

லெ கோசியே, குவாதலூப்
ஆகஸ்ட் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அண்ணி, செல்வி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செல்வியின் கையெழுத்தில் நீ எழுதச் சொல்லி அனுப்பிய கடிதம் போன செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஐந்து வாரம் ஆகியிருக்கிறது. "மாங்கனித் திருவிழாவுக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை, நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று அவனுக்குத் தெரியுமா" என்ற இடத்தில் செல்வி எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் எழுத வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. தப்பு என்னுடையதுதான் அம்மா. போனில் பேசினால் உனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. நீ இரவு ஒன்பதரைக்குப் படுக்கும்போது இங்கே உச்சி வேளை, அடுப்பெல்லாம் எரியும் நேரம். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன்.

இப்போது நேரம் இருக்கிறது. ஓட்டலைப் பழுது பார்க்க மூடியிருக்கிறார்கள். வழக்கமாகச் செப்டம்பரில்தான் மூடுவார்கள், இந்த வருடம் ஜூலைக் கடைசியிலேயே மூடிவிட்டார்கள். சம்பளத்தைப் பற்றி அப்பா கேட்டால் ஒன்றும் குறையில்லை என்று சொல். இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் ஊரைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, அதற்கு ஒரு வழி பிறந்தது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கூட்டிக்கொண்டு போனார்.

இந்தப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், விடியற்காலையில் துடைப்பக் கட்டையால் சுவரைத் தட்டுபவர். நான் உள்ளேயிருந்து திரும்பத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் வாசலுக்கு வந்துவிடுவார். தனியாக இருப்பவன் உயிரோடு எழுந்தானா என்று பார்க்கிறாராம். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. வரும் நாளில் எனக்கும் சேர்த்து இரண்டு வாளி பிடித்து வைத்துவிடுவார். அவருடைய குடும்பப் பெயர் நம் ஊர்ப் பெயர்தான், பிரெஞ்சு வாயில் நசுங்கிப் போயிருக்கிறது. தமிழ் தெரியாது. ஆனால் வேப்பிலையை 'வெப்பெலெ' என்கிறார்.

முதலில் போனது புவாந்தபீத் நகரத்துக்கு, சமையல்காரப் பெண்களின் திருவிழாவுக்கு. லோரான் என்ற புனிதரைச் சமையல்காரர்களின் காவலராகக் கும்பிடுகிறார்கள். அவரை இரும்புக் கம்பியில் கிடத்தி நெருப்பில் வாட்டிக் கொன்றார்களாம். அவருடைய நாளையொட்டி ஆகஸ்டில் இந்தத் திருவிழா, 1916இலிருந்து சங்கம் வைத்து நடத்துகிறார்கள். கோயிலில் பூசை முடிந்ததும் பெண்கள் வரிசையாகத் தெருவில் வருகிறார்கள். கையில் கூடை. கூடையில் வெங்காயம், மிளகாய், நண்டு, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் சட்டியும் கரண்டியும். கழுத்து நிறையத் தங்கம். எல்லோருடைய தலைக்கட்டும் கட்டம் போட்ட துணி. அந்தத் துணிக்கு இங்கே பெயரே 'மதராஸ்'தான். நம் கரையிலிருந்து கப்பலில் வந்த துணி இந்தத் தீவின் ஊர்வல உடையாகிவிட்டது. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, அப்பாவின் பழைய கைலியில் இருக்குமே அதே கட்டம். ஒரு அம்மாள் என்னைக் கடந்து போகும்போது தலைக்கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். குனிந்து காட்டினார். கஞ்சி போட்ட மொடமொடப்பு. கட்டும்போது மேலே நிற்கும் முனைகளை எண்ணியே மனம் யாருக்கும் கொடுக்காதவளா, கல்யாணம் ஆனவளா என்று முன்பெல்லாம் சொல்லிவிடுவார்களாம்.

அங்கேயே சந்தையில் ஒரு பெண் காய் விற்றுக்கொண்டிருந்தாள். கசப்புக் காய், பெயர் 'பரோக்கா' என்றாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பாகற்காய் அம்மா! பக்கத்துச் சாக்கில் 'கொலொம்போ' என்று ஒரு பொடி. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் போட்டு இடித்தது. இங்கே ஆட்டுக்கறிக் குழம்புக்குப் பெயரே கொலொம்போதான், எந்த வீட்டு விசேஷத்துக்கும் அது இல்லாமல் இலை போடுவதில்லை என்று சொல்லலாம். நம் குழம்புப் பொடிக்கு அக்காள் தங்கை மாதிரி வாசனை, காரம் மட்டும் இல்லை.

துறைமுகத்துப் பக்கம், பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015இல் ஒரு பெரிய நினைவகம் கட்டியிருக்கிறார்கள். கறுப்புச் சுவர், அதன்மேல் ஆலம் விழுதைப் போல வெள்ளிக் கம்பிகள் பின்னியிருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கதை உள்ளே இருக்கிறது. 1794இல் ஒருமுறை விடுதலை கொடுத்துவிட்டு, 1802இல் நெப்போலியன் மறுபடியும் விலங்கு மாட்டியிருக்கிறான். அதை எதிர்த்த தெல்க்ரேஸ் என்ற படைத்தலைவர் மத்தூபா என்ற இடத்தில் தம் ஆட்களோடு வெடிமருந்தை வெடிக்கவைத்து உயிரை விட்டிருக்கிறார். 1848இல்தான் முழு விடுதலை. அதன் பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லை, நம் கரையில் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி என்ற கப்பல் இந்தத் துறையில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1889 வரைக்கும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். புதுச்சேரியிலும் நம் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அதில் நிறையப் பேர். நாம் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்போமே, அந்த இடத்தைத்தான் அவர்கள் கடைசியாகப் பார்த்திருப்பார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாகக் கப்பல் ஏறினார் என்பதைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். அவருக்கு முன்னால் இத்தனை பேர் ஏறினார்கள் என்று நம் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எரிமலைக்குப் பாட்டி வர மறுத்துவிட்டார். சூஃப்ரியேர் என்று பெயர், 1,467 மீட்டர். 1976இல் அது புகைந்தபோது 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்களாம். கைக்குழந்தையோடு மாதக்கணக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தேன், அந்த மலை முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. லெ சேந்த் என்ற குட்டித் தீவுகளுக்குப் படகில் போனோம், டிக்கெட்டைப் பாட்டியே எடுத்துவிட்டார். இறங்கினவுடன் தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு பணியாரம் விற்கிறார்கள். 'காதல் வேதனை' என்று அதற்குப் பெயர். கடலுக்குப் போன மீனவனுக்காக மனைவி சுட்டு வைத்துக் காத்திருந்ததாம். பூரணத்தில் ஏலக்காய் இல்லை. மற்றபடி உன் சோமாசியேதான்.

கப்பெஸ்தேர் போனதைத்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். சாலையின் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரமான அரசப் பனைகள் நிற்கின்றன. அதைத் தாண்டினால் வாழைத் தோட்டம், கண்ணுக்கு எட்டிய தூரம் வாழை. மேலே காட்டுக்குள் கர்பே அருவி, நாங்கள் பார்த்தது 110 மீட்டர். காடு முழுக்கச் சாரல், சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. திரும்பும் வழியில் சாங்ஜி என்ற இடத்தில் சாலையோரமே மாரியம்மன் கோயில். 'மலியெமென்' என்கிறார்கள். மதுரை வீரன் 'மல்தெவிலின்' ஆகியிருக்கிறார். தப்பும் மத்தளமும் 'தப்பு', 'மத்தலோன்' என்ற பெயரிலேயே இருக்கின்றன. ஆடி மாதம் அல்லவா, அம்மன் கழுத்தில் வேப்பிலை. பூசாரிக்கு என் அப்பா வயது இருக்கும். அவர் பாடினார். தமிழ்தான் அம்மா. ஆனால் காதால் கேட்டுக் கேட்டு நாலு தலைமுறையாக வந்த தமிழ், அவருக்கே பொருள் தெரியாது. பாடி முடித்ததும் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார். பிரெஞ்சு எழுத்தில் பாட்டு முழுவதும் எழுதியிருந்தது, பக்கங்களில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும். நான் விரல் வைத்து மெதுவாகப் படித்தேன். 'தாயே' என்று ஒரு சொல் வந்தது. அதற்கு அம்மா என்று பொருள் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் எழுதிக்கொண்டார். இன்னும் சொல், இன்னும் சொல் என்றார். ஒன்பது பக்கம் உட்கார்ந்து படித்தோம். பாதிச் சொற்கள் எனக்கும் பிடிபடவில்லை.

இங்கே பிறந்தும் இவர்களை நெடுங்காலம் குடிமக்களாகச் சேர்க்கவில்லையாம். ஆன்ரி சிதம்பரம் என்று இதே கப்பெஸ்தேரில் பிறந்தவர் 1904இலிருந்து போராடி 1923இல் அந்த உரிமையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாட்டி அவர் பெயரைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்.

அன்று ராத்திரி சந்தையில் வாங்கிய பாகற்காயைப் புளியும் வெல்லமும் போட்டு நீ வைக்கிற மாதிரியே வைத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஒரு வாய் எடுத்தேன். கடைசியில் வடகம் தாளிக்கும்போது நீ சட்டியை மூடிவிட்டு, "டேய், தட்டை எடுத்துக்கொண்டு வா" என்று கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. மாங்கனி அன்று மாடியிலிருந்து இறைத்தார்களா? இந்த வருடம் நம் வீட்டுக்கு எத்தனை பழம் கிடைத்தது? நீ கூட்டத்தில் போய் நெருக்குண்டாயா, இல்லை செல்வியை அனுப்பினாயா? இதையெல்லாம் கடிதத்தில் எழுதாமல் விட்டிருக்கிறாய். இப்போது எழுது. நான் வந்து உன் மடியில் ஒரு நாள் தலை வைத்துப் படுத்தால் போதும் என்று இருக்கிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நகைக் கடனைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த முறை முழுவதும் திருப்ப வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல். நான் அனுப்பும் பணம் இந்த மாதமும் அடுத்த மாதமும் கொஞ்சம் குறைவாக வரும். ஓட்டல் திறந்ததும் சேர்த்து அனுப்புகிறேன். அண்ணியின் சங்கிலிதான் முதலில் மீட்க வேண்டியது, அதை அவர்களிடம் சொல்லிவிடு. தெற்குக் கொல்லையை விற்கலாம் என்று கோவிந்து மாமா ஆரம்பித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணன் இருந்தால் விடுவானா? கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, அந்த நிலம் இருக்கட்டும். அப்பா முழங்கால் வலியோடு வயலுக்குப் போவதை நிறுத்த வேண்டும், குறுவை அறுப்புக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். செல்வியை நர்சிங்கில் சேர்த்தே ஆக வேண்டும். முதல் தவணைக்கு என்ன வழி என்று நான் பார்த்துக்கொள்கிறேன், இடத்தை விட்டுவிடாதீர்கள். நான் மெலிந்திருப்பதாகப் போட்டோவைப் பார்த்துச் சொன்னாளாம். இங்கே வெயிலுக்கு ராத்திரி சாப்பிடாமல் படுப்பதுதான் உடம்புக்கு நல்லது, வேறொன்றும் இல்லை.

இன்னொரு காரியம், இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் பாட்டி பெட்டியிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வந்தார். அவருடைய தாத்தாவின் அப்பா இறங்கியபோது பதிவேட்டில் எழுதியதன் நகல். வயது 22, இடது முழங்கையில் தழும்பு, ஏறிய துறை காரைக்கால். ஊர்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் தாறுமாறாக இருக்கிறது. அதைப் பல விதமாக உரக்கப் படித்துப் பார்த்தேன். நெடுங்காடு என்றுதான் வருகிறது. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லித்தான் ஏற்றியிருக்கிறார்கள். அவர் திரும்பவில்லை. எழுதத் தெரியாது, எழுதித் தரவும் ஆள் இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கல்யாணம் செய்துகொண்டார், நல்லபடியாக இருந்தார் என்று அங்கே யாரிடமாவது சொல்லச் சொல் என்று பாட்டி கேட்கிறார். சொத்து, பத்திரம் எதுவும் வேண்டாம், அந்த ஊரைப் பார்த்தால் போதும் என்கிறார்.

நெடுங்காட்டுப் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்கு ஆவணியில் எப்படியும் போவீர்கள். அங்கே பெரியவர்கள் யாரிடமாவது அப்பா விசாரிக்கட்டும். செல்வி கோயிலையும் குளத்தையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கட்டும். போனில் அனுப்பினால் பாட்டிக்குப் பார்க்கத் தெரியாது. காகிதத்தில் போட்டு, பெரிதாக, உன் அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு. காதுகுத்துச் சீருக்கு நம் பங்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுது.

அன்பு மகன்

வடகம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அஞ்சலில் வேண்டாம், வழியில் பிரித்துவிடுவார்கள். வேப்பங்கொட்டை மாதிரி உருட்டாமல் நீ பெரிதாக உருட்டும் அளவு, எத்தனை நாள் வெயில், வெங்காயம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதி அனுப்பு. பாட்டி கேட்கிறார்.