கொடை நோட்டீசைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்ட மூன்றே நாள் இருக்கும்போது, நோட்டீஸ் இருந்த என் அச்சுக்கடைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் காதுக்கு, நோட்டீசையே நான் தொலைத்துவிட்டதாகச் செய்தி போயிருக்கிறது. தொலைக்கவில்லை. தொலையாமல் பார்த்துக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த மடல்.

என் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைக் கம்ப்யூட்டரை ஓட்டுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் மின்ட் 21; திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு என்விடியாவின் பழைய ஜிடி 710. போன கொடையில் எடுத்த வில்லுப்பாட்டு வீடியோவை அதில் ஓட்டினால், புலவரின் கை ஓரிடத்திலும் வீசுகோல் வேறிடத்திலுமாகப் படம் குறுக்கே அறுந்து தெரிந்தது. கார்டை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; மின்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜர் 470 என்ற டிரைவரைப் பரிந்துரைத்தது. 535 என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எண் பெரிது, சரக்கும் பெரிதாக இருக்கும் என்று, கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து நானே 535-ஐ நிறுவினேன். கம்ப்யூட்டரை நிறுத்தி மீண்டும் போட்டால் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

தென்காசியில் பாலிடெக்னிக் படிக்கும் மருமகனை இரவு பத்து மணிக்கு எழுப்பினேன். "கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3, மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் மாமா" என்றான். அழுத்தினேன், எழுத்துத் திரை வந்தது. பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டும் போய்விட்டதென்று நினைத்தேன். "அப்படித்தான் இருக்கும், அடியுங்கள்" என்றான். கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னான். கொடை நோட்டீஸ், வரிதாரர் பட்டியல் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தேன். திரையில் வந்தது வெறும் கட்டம் கட்டமான வரிசை. நானூறு வரிதாரர் பெயரும் கட்டமாகிவிட்டது என்று தலையில் கைவைத்துவிட்டேன். அந்தத் திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கோப்பு பத்திரமாக இருக்கிறது என்று அவன் எனக்குப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

போனில் கட்டளை சொல்வது லேசான காரியமில்லை. பி என்றால் டி என்று காதில் விழுகிறது. அதனால் எங்கள் ஜில்லாவையே எழுத்துக்கூட்டி முடித்தோம்: நாங்குநேரி என், விக்கிரமசிங்கபுரம் வி, இட்டமொழி ஐ, உவரி யு. நெட்டுக்கோட்டுக்கு மட்டும் ஊர் கிடைக்கவில்லை. "கால்நாட்டுக் கம்பு மாதிரி நிற்குமே, அது" என்றான்.

அடுத்த நன்றி என் மதினிக்கு. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். லினக்ஸின் உள்மையமான கெர்னல் எழுதிவைத்திருந்த ஆங்கிலச் செய்தியை நான் நாலு தடவை தள்ளிவிட்டேன்; அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே தடவை வாசித்தார். "இந்தக் கார்டுக்கு 470 வரிசை டிரைவர்தான், 535 இதைக் கண்டுகொள்ளாது என்று இங்கேயே போட்டிருக்கிறதே, கொழுந்தனாரே." புது டிரைவர் கார்டைச் சீந்தவில்லை. நிறுவும்போதே, அதுவரை கார்டை ஓட்டிவந்த நொவோ என்ற பழைய டிரைவரையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இரண்டும் இல்லாமல் திரைக்கு முகம் எங்கிருந்து வரும்?

535-ஐத் தடயமில்லாமல் நீக்கியதும் நொவோ உள்ளே வந்தது, டெஸ்க்டாப்பும் வந்தது. படத்தை அறுக்கிறதென்று நான் வைத பாவம் அது. என்விடியா கார்டுகளின் உள்விவரங்களைத் தாங்களே துருவிக் கண்டுபிடித்து யாரோ எழுதியது. 2010-இல் வந்த 2.6.33 கெர்னலிலிருந்து லினக்ஸோடு கூடவே வருகிறது. முகம் தெரியாத அவர்களுக்கும் ஒரு கும்பிடு. பிறகு டிரைவர் மேனேஜர் சொன்ன 470-ஐயே போட்டேன். இப்போது கையும் வீசுகோலும் ஒன்றாக நகர்கின்றன.

எதிர்க்கடை அண்ணாச்சியை விட்டுவிட முடியாது. தொழிலில் எனக்குப் போட்டி. ஆனாலும் அன்றிரவு, எதற்கும் இருக்கட்டும் என்று பென் டிரைவில் எடுத்த நோட்டீசைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கச் சொன்னார். எழுத்துரு மாறி அம்மன் பெயர் இரண்டு வரியாக உடைந்துவிட, அவரே உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கோயில் தர்மகர்த்தா பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு வந்து, நள்ளிரவு வரை ஒரு சொல் கடிந்து பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நோட்டீஸ் கட்டுகள் கடையில் தயாராக இருக்கின்றன. வரிதாரர் பட்டியலில் யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அதற்கு டிரைவர் பொறுப்பல்ல, நான்தான். கால்நாட்டுக்கு முன் வந்து சொன்னால் தனிச்சீட்டு அடித்து ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அச்சுக்கடைக்காரன்